எழுத்துநிலை மண்டபமும் கொச்சிக் கலைவிழாவும்

ஓவியங்களைக் கூடி நின்று காண்பது தமிழர்க்குப் புதியதன்று. பரிபாடலின் 19ஆம் பாடலில் நப்பண்ணனார், திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தை நமக்குக் காட்டுகிறார். விழாக்காண வந்த மக்கள் அங்குள்ள ஓவியங்களைச் சுட்டி இவர் யாவரென வினவ, அறிந்தோர் விடை பகர்கின்றனர். இரதி, காமன், அகலிகை, கௌதமன், பூனை வடிவங்கொண்ட இந்திரன் என அவ்விளக்கம் தொடர்கிறது. கலையறிவு பெற்ற பின்னரே ஓவியத்தைக் காண வேண்டும் என்னும் நிலை அங்கில்லை. வினவும் விருப்பமே போதுமானதாக இருந்தது.

இன்றோ கலைக்கூடம் என்றதும், அது செல்வர்க்கும் ஆங்கிலம் கற்றோர்க்கும் உரியதென நம் கம்பம் பள்ளத்தாக்கின் மாணவர் பலர் தயங்குகின்றனர். இத்தயக்கத்தைப் போக்க வல்லது, மலைக்கு அப்பால் நிகழும் கொச்சி-முசிறி பினாலே ஆகும். ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் கலைவிழாவைக் குறிக்கும் இத்தாலியச் சொல் இது. 1895இல் வெனிஸ் நகரில் தோன்றிய இம்மரபு, ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு ஆகியோரின் முயற்சியால் 12.12.2012 அன்று கொச்சியில் கால்கொண்டது. திங்கட்கிழமைகளில் கட்டணமின்றி அனைவரையும் அனுமதித்து வந்தமை இவ்விழாவின் சிறப்பாகும்.

யவனர் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்ற துறைமுகம் முசிறி என்பதை அகநானூற்றால் அறிகிறோம். ஏலமும் மிளகும் விளையும் மலைகளின் அடிவாரத்தில் வாழும் நமக்கு அப்பெயர் அயலானதன்று. விழாவின் முதன்மை அரங்காகப் பலமுறை விளங்கிய ஆஸ்பின்வால் மாளிகையும், மிளகு முதலிய பொருள்களை வாணிகம் செய்த நிறுவனத்தின் பழைய கட்டடமே.

இலக்கிய மாணவர்க்கு இங்கு என்ன கிட்டும்? ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2016ஆம் ஆண்டு விழாவில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரிட்டா, பெருங்கூடம் ஒன்றில் கடல்நீரை நிரப்பி, சுவரில் தம் கவிதை வரிகளை அமைத்திருந்தார். நீரில் நடந்து சென்றே அவ்வரிகளைப் படித்தல் வேண்டும். 2015இல் அடைக்கலம் தேடிச் சென்றபோது கடலில் மாண்ட சிரியச் சிறுவன் ஒருவனை நினைந்து அமைத்த படைப்பு அது. கவிதையைக் கண்ணால் மட்டுமன்றிக் காலாலும் உணரச் செய்தது எனலாம்.

காணும் முறை எளிது. ஒரே நாளில் அனைத்தையும் காண முயலுதல் வேண்டா. ஐந்தாறு படைப்புகள் போதும். விளக்கக் குறிப்பைப் படிக்கும் முன்னர், படைப்பு எப்பொருளால் ஆனது, எதனை நினைவூட்டுகிறது, எங்கு நம் கண் நிலைக்கிறது என எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர்க் குறிப்பைப் படித்து, ஐயம் எழுமாயின் அங்குள்ளோரிடம் தயங்காது வினவ வேண்டும். செய்யுளைப் படித்துவிட்டு உரையை நாடுவோர்க்கு இது பழகிய நெறியே.

குமுளி, கோட்டயம் வழியாக எர்ணாகுளம் சென்று, அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சியை அடையலாம். நுழைவுக் கட்டணம் இல்லையெனினும் பேருந்துச் செலவு உண்டு. மகளிரைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்குவதும் உண்டு. ஆதலின் கல்லூரித் துறைகளே விடுமுறைக் காலத்துத் திங்கட்கிழமையொன்றைத் தேர்ந்து மாணவ மாணவியரை அழைத்துச் செல்லுதல் நன்று. அறிந்தோர் கூற அறியாதோர் கேட்கும் அப்பழைய மரபு, நம் மாணவரிடையே மீண்டும் தழைக்கட்டும்.