கொள்ளு ஊறும் நேரம்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் முதலில் கண் விழிப்பது மார்க்கெட்தான். மல்லிகை மூட்டை, வெற்றிலைக் கட்டு, நஞ்சன்கூடு ரசபாளை வாழைத்தார் எல்லாம் இருட்டோடு இருட்டாக வந்து இறங்கிவிடும். 1886இல் கட்டிய டஃப்ரின் மணிக்கூண்டு, ஊர்க்காரர்கள் வாயில் 'சிக்க கடியாரா', இந்த அவசரத்தையெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அன்றைக்குச் சரக்கு வந்தது மாட்டு வண்டியிலும் ஜட்காவிலும். குதிரைக்காரர் ராத்திரியே கொள்ளை ஊறப்போட்டுவிட்டுப் படுப்பார். குதிரை தின்று, அசைந்து, நின்றபடியே தூங்கி எழ ஒரு முழு ராத்திரி வேண்டும். 'உங்கள் குதிரை நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும்?' என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார். டீசல் வண்டி வந்த பிறகுதான் நம் பொறுமை கெட்டது. பங்க்கில் ஐந்து நிமிடம் நின்றால் போதும் என்று பழகிவிட்டோம். இப்போது மின்சார வேன் வாங்கப் போகிறவர் விலைக்கு அடுத்தபடி கேட்பது 'சார்ஜ் ஏற எவ்வளவு நேரம்?' என்பதைத்தான்.

பக்கத்து பெங்களூரில் 2001இல் ரேவா கார் வந்தது. ஈய-அமில பேட்டரி. சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் முழுசாக ஏற 8 மணி நேரம்; ஓடுவது 80 கிலோமீட்டர். 2022இல் டாடா அறிமுகப்படுத்திய ஏஸ் மின்சார வண்டியில் இருப்பது 21.3 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி. அதே 15 ஆம்ப் பிளக்கில் 20 சதவீதத்திலிருந்து நிரம்ப சுமார் 7 மணி நேரம். சான்றிதழ்ப்படி முழு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர். பாரம் ஏற்றினால் அது குறையும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஆக, இருபது வருடத்தில் காத்திருக்கும் நேரம் அப்படியொன்றும் சுருங்கிவிடவில்லை. அதே ராத்திரிக்குக் கிடைக்கும் தூரம்தான் கூடியிருக்கிறது.

காரணம் சுவரில் இருக்கிறது. 15 ஆம்ப் பிளக் மணிக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல் தராது. பெரிய பேட்டரி வாங்கி என்ன, ஓட்டை சின்னதுதானே. வேக சார்ஜரில் போட்டால் 10இலிருந்து 80 சதவீதம் வரை 105 நிமிடம். வேகம் என்று பேர், ஒன்றே முக்கால் மணி நேரம்! அதையும் 80உடன் நிறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடம் கழுத்து வரை நிரம்பியதும் குழாயை ஒடுக்கிப் பிடிப்போமே, பேட்டரியும் அப்படித்தான். கடைசிப் பங்கை மெல்ல மெல்லத்தான் வாங்கும்.

காத்திருக்காமல் பேட்டரியையே மாற்றிக்கொண்டால் என்ன என்கிறார்கள் இப்போது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகர மின் கம்பெனி 1910களிலேயே காலி பேட்டரியைக் கழற்றி, நிரம்பியதை மாட்டிக் கொடுத்திருக்கிறது. நாம் புதுசு என்று கொண்டாடும் யோசனைக்கு வயது நூறு தாண்டிவிட்டது.

மைசூருக்கு மின்சாரமும் பழைய உறவுதான். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய சிவனசமுத்திரம் திட்டம் 1902இல் காவிரி அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தள்ளிக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. ஐயர் அதைப் பார்க்கவில்லை, 1901இலேயே காலமாகிவிட்டார். மலை, காடு தாண்டி அத்தனை தூரம் போன மின்சாரத்துக்கு இன்று மொஹல்லாவில் கடையின் உள்ளிருந்து தெருவில் நிற்கும் வேன் வரை வரும் பத்தடி தூரம் பெரும்பாடாக இருக்கிறது. பழைய கட்டடங்கள், ஒட்டிக்கொண்ட கடைகள், வண்டி நிறுத்தக் கொல்லை கிடையாது. குதிரைக்கு லாயம் இருந்தது. வேனுக்கு நடைபாதையோரம்தான்.

ராத்திரி ஒன்பதரைக்குக் கடையடைக்கும்போது பார்த்தால் தெரியும். இழுத்துவிட்ட ஷட்டருக்கு அடியில் ஒரு தடித்த ஒயர் வெளியே வரும். யார் காலும் தடுக்காமலிருக்க அதன் மேல் பழைய கோணிச் சாக்கு. காலை நாலு மணிக்கு மல்லிகை வந்துவிடும். கணக்குப் பார்த்தால் ஆறரை மணி நேரம்தான். கம்பெனிக் கணக்குக்கு அரை மணி குறைகிறதே என்றால் டிரைவர் தோளைக் குலுக்குகிறார்: "இருபது வரைக்கும் யார் சார் இறக்குவாங்க? நாப்பதுலயே வந்து மாட்டிடுவேன்."