நாள் எண்ணிய கதை

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிவிட்டால் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அந்தக் கேள்வி எட்டிப் பார்க்கும்: "ஏதாவது விசேஷம் உண்டா?" விசேஷத்துக்காகக் காத்திருக்கும் தம்பதியர் யாருக்கும் சொல்லாமல் செய்கிற வேலை நாள் எண்ணுவது. இந்த நாள் கணக்கை மருத்துவ உலகமே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் தலைகீழாகப் போட்டு வைத்திருந்தது. அதற்குக் காரணமான பிராணி நாய்.

1827ல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் பாலூட்டிகளின் கருமுட்டையை முதன்முதலாகக் கண்டது ஒரு பெட்டை நாயின் உடலில்தான். 1840களில் பிஷாஃப் என்ற இன்னொரு ஜெர்மானியர், நாயின் சினைப்பையிலிருந்து முட்டை பருவகாலத்தில் தானாகவே வெளிவருகிறது, ஆண் சேர்க்கை அதற்குத் தேவையில்லை என்று காட்டினார். இதுவரை சரி. ஆனால் பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது அதற்கு உதிரப்போக்கு இருக்கும். பெண்ணுக்கும் உதிரப்போக்கு உண்டு. ஆகவே இரண்டும் ஒன்று, மாதவிலக்கை ஒட்டியே பெண்ணின் கருமுட்டையும் வெளிவருகிறது என்று முடிவு கட்டினார்கள். பிரான்சில் பூஷே 1847ல் இதே அடிப்படையில் ஒரு புத்தகமே எழுதினார்.

இதிலிருந்து பிறந்த மருத்துவ ஆலோசனை: இரண்டு விலக்குகளுக்கு நடுவில் உள்ள நாட்களில் கரு தரிக்காது. அதாவது எந்த நாட்களில் கரு தரிக்க அதிக வாய்ப்போ, அதே நாட்கள்! எட்டுப் பெற்று ஓய்ந்தவள் ஒன்பதாவது வேண்டாமென்று டாக்டர் சொன்னபடி நாள் பார்த்து நடந்திருப்பாள். குழந்தைக்கு ஏங்கியவள் அந்த நாட்களைத் தவற விட்டிருப்பாள். இருவரும் தங்கள் விதியை நொந்திருப்பார்கள்.

உதிரம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது சொல்லும் சேதி பிராணிக்குப் பிராணி வேறு. நாய்க்கு ஈஸ்ட்ரஜன் ஏற ஏறக் கருப்பையின் உட்சுவர் தடித்து, ரத்தக் குழாய்கள் பெருத்துக் கசிகின்றன. ஏறக்குறைய ஒன்பது நாட்கள் இப்படி. அதன் பிறகுதான் அது ஆண் நாயை அண்ட விடும், முட்டையும் வெளிவரும். அந்த முட்டைகூட முதிராத முட்டை. வெளிவந்தபின் இரண்டு மூன்று நாள் ஆகும், விந்தணுவை ஏற்கும் பக்குவம் வர. ஆக நாயின் உதிரம் என்பது 'முட்டை வரப்போகிறது' என்ற முன்னறிவிப்பு.

பெண்ணுக்கு முட்டை வந்து போய் இரண்டு வாரம் ஆனபின் உதிரம் வருகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள் என்ற சுரப்பி, ப்ரோஜெஸ்டிரோனைச் சுரந்து கருப்பையைத் தயாராக வைத்திருக்கிறது. கரு வந்து ஒட்டாவிட்டால் சுமார் பதினான்கு நாளில் அது சுருங்கிவிடும். தாங்கி நிற்க ஹார்மோன் இல்லாமல் உட்சுவர் உதிர்ந்து வெளியேறுகிறது.

பசு மூன்றாவது வகை. பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து வால் ஓரத்தில் லேசாக ரத்தம் தெரியும். ஊசி போட்டது நிற்கவில்லை என்று சிலர் கை விரிப்பார்கள், நின்றுவிட்டது என்று சிலர் மகிழ்வார்கள். இரண்டுக்கும் அதில் சான்று இல்லை. ஈஸ்ட்ரஜன் சட்டென்று இறங்கியதில் நுண்ணிய குழாய்கள் கசிந்திருக்கின்றன, அவ்வளவுதான். அது சொல்வது ஒன்றே: முட்டை வந்து போயாகிவிட்டது, இனி அடுத்த பருவம்வரை பொறு.

ஆனாலும் பசு தாராள மனசுக்காரி. வேளை வந்ததைத் தொழுவம் முழுக்க அறிவிக்கும். கத்தும், தீனி எடுக்காது, மற்ற மாடுகள் மேலே தாவும். தன் மேல் தாவினால் நகராமல் நிற்கும். கண்ணாடி போன்ற திரவம் ஒழுகும். இந்த ஆரவாரம் 12 முதல் 18 மணி நேரம். வேடிக்கை என்னவென்றால் இதெல்லாம் அடங்கி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிவருகிறது. 1948ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் வகுத்த விதி இன்றும் நம் கிராமங்கள்வரை வழங்குகிறது: காலையில் பருவம் கண்டால் மாலையில் சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். விந்தணு உள்ளே போனவுடன் முட்டையைத் துளைத்துவிடாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட வேண்டும் என்பதை 1951ல் ஆஸ்டினும் சாங்கும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். எனவே மாப்பிள்ளை முன்னால் போய்க் காத்திருப்பதுதான் முறை. எருமையோ பசுவைப் போல வாய் திறப்பதில்லை. அதை வளர்ப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

பெண்ணின் உடல் எருமையை விடவும் அழுத்தம். வெளியே பெரிய அடையாளம் எதுவும் இல்லை. அப்படியிருக்க உண்மை எப்படித் தெரிந்தது? ஜப்பானில் நீகாத்தா நகர மருத்துவமனையில் பணியாற்றிய ஓகினோ க்யூசாகு, வேறு நோய்களுக்காக வயிற்றைத் திறந்து அறுவை செய்யும்போது சினைப்பையையும் கவனித்தார். முட்டை வெளியேறிய தடம் எவ்வளவு பழையது என்று பார்த்து, அந்தப் பெண்ணின் விலக்கு நாட்களோடு ஒப்பிட்டார். 1924ல் அவர் எழுதிய முடிவு: அடுத்த விலக்குக்கு 12 முதல் 16 நாட்கள் முன்பு முட்டை வருகிறது. ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் 1920களின் இறுதியில் வேறு வழியில் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்தார். அவருக்கு உதவியது முயல். முயலுக்கு இணை சேர்ந்தால்தான் முட்டை வெளிவரும், சுமார் பத்து மணி நேரத்தில். ஆகவே மணிக் கணக்குச் சுத்தமாகத் தெரியும். நாய் கெடுத்த கணக்கை முயல் திருத்தியது.

ஓகினோவின் நுட்பம், முன்னோக்கி எண்ணாமல் பின்னோக்கி எண்ணியது. 28 நாள் சுற்று உள்ளவளுக்கு 14ஆம் நாள். 35 நாள் சுற்று என்றால் 21ஆம் நாள். சிக்கல் என்னவென்றால் அடுத்த விலக்கு இன்னும் வரவில்லை! நடக்காத நிகழ்ச்சியிலிருந்து பின்னால் எண்ணும் நிரலை எழுதச் சொன்னால் நான் இரண்டு முறை யோசிப்பேன். கைபேசியில் விலக்கு நாள் கணிக்கும் செயலிகளில் பல அதைத்தான் செய்கின்றன. பழைய சுற்றுகளின் சராசரியைப் போட்டுப் பதினான்கைக் கழிக்கின்றன. சுற்று ஒழுங்காக இருப்பவர்களுக்கு ஓரளவு சரி. மற்றவர்கள் முட்டை வெண்கரு போல வழுக்கும் திரவத்தையோ, ஹார்மோன் ஏற்றத்தைச் சிறுநீரில் காட்டும் பட்டையையோ நம்புவது மேல். ஓகினோ தன் கண்டுபிடிப்பைக் குழந்தை வேண்டுவோருக்காகச் செய்தார். உலகம் அதைக் குழந்தை வேண்டாதோருக்கான முறையாக்கியது. அதில் அவருக்கு உடன்பாடில்லை.

முட்டையின் ஆயுள் ஒரு நாளுக்குள். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். எனவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும், ஆக ஆறு நாட்கள்தான் வாசல் திறந்திருக்கும். வில்காக்ஸ் குழுவினர் 1995ல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களில் கருக்குழாயின் அகன்ற பகுதிவரை போய்ச் சேர்வது சில நூறு. ஒன்று நுழைந்ததும் முட்டையின் உறை கெட்டிப்பட்டு மற்றவற்றைத் தடுத்துவிடுகிறது.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இங்கே தொல்காப்பியம் ஞாபகம் வரும். பூப்புக்குப் பிறகு பன்னிரண்டு நாள் தலைவன், பரத்தையை நாடிப் பிரிந்த காலத்திலும், மனைவியை விட்டு அகன்றிருக்கக் கூடாது என்று கற்பியல் சொல்கிறது. பூத்தபின் காய்ப்பு என்ற கணக்கு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. விலக்குத் தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு என்று கொண்டால், 28 நாள் சுற்றில் ஆறு நாளில் நான்கு அகப்படும். உதிரம் நின்றபின் பன்னிரண்டு என்று கொண்டால் ஆறும் அகப்படும். 35 நாள்காரிக்கு முதல் கணக்கு முழுக்கத் தவறும், இரண்டாவதில் ஓரம் மட்டும் கிட்டும். நாயை வைத்து எண்ணிய ஐரோப்பியரை விட இது எவ்வளவோ தேவலை.

கரு தங்கியபின் செய்யும் கணக்கு இன்னும் விநோதம். பசுவுக்கு ஊசி போட்ட தேதி தெரியும். அதிலிருந்து ஏறத்தாழ 280 நாளில் கன்று. பெண்ணுக்கும் 280 நாள்தான், ஆனால் டாக்டர் எண்ணத் தொடங்குவது கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து. கரு உண்டானதிலிருந்து பார்த்தால் 266 நாள்தான். முதல் இரண்டு வாரம் வயிற்றில் எதுவுமே இல்லை! 280ஐ 28ஆல் வகுத்தால் பத்து. பாட்டிமார் சொல்லும் 'பத்து மாதம்' நாட்காட்டி மாதம் ஆகாது. தூரமாகும் நாளை வைத்து எண்ணினால் சரியாக வருகிறது.