பெலித்துங்: பெயரும் ஈயமும்

நமது வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் கையாளும் வெள்ளீயம் எந்த மண்ணில் பிறந்ததென்று நாம் விசாரிப்பதில்லை. சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நடுவேயுள்ள பெலித்துங் தீவின் சரித்திரத்தை அறிந்தவர்கள் விசாரிக்காமல் இருக்கமாட்டார்கள்.

இத்தீவு யாருக்கு என்பதை 1824-ம் வருஷம் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் உடன்படிக்கை எழுதித் தமக்குள் தீர்த்துக்கொண்டனர். தீவு ஜனங்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? 1851-ல் டச்சுக்காரர் அங்கே வெள்ளீயம் கண்டனர். 1860-ல் பில்லிட்டன் கம்பெனி ஸ்தாபிதமாயிற்று. சீன தேசத்துக் கூலிகள் கப்பலேறி வந்து, மண்ணை வெட்டி, நீரில் அலசி, உலோக மணலைப் பிரித்தனர். அவர்களுடைய சந்ததியார் மலாய் ஜனங்களோடு இன்றும் அங்கு வாழ்கின்றனர். ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பது அத்தீவின் வழக்கம். அத்தாம்பாளத்திற்கு 'டூலாங்' என்று பெயர். உலோக மணலை அரிக்கும் தட்டுக்கும் அதுவே பெயர்!

தீவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட கம்பெனியோ பல கை மாறி, 2001-ல் ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. கம்பெனியோடு சேர்ந்து, உலகின் மிகப் பெரிய சுரங்க ஸ்தாபனங்களில் ஒன்றாயிற்று. 2018-ல் அந்தப் பெயரையும் உதறிவிட்டனர். ஈயத்தை எடுத்தவர்களுக்குப் பெயர் எதற்கு?

1958-ல் சுதந்திர இந்தோனேசியா டச்சுச் சுரங்கங்களைத் தேசத்தின் உடைமையாக்கிற்று. நியாயமான காரியமென்றே நாம் சொல்லுவோம். ஆனால் வெள்ளைத் துரைகள் விட்டுப்போன வேலியைப் புதிய அதிகாரிகள் பிடுங்கவில்லை. உள்ளே உத்தியோகஸ்தர்களின் பங்களாக்கள். வெளியே ஏழைப் பிள்ளைகளின் இடியும் தருவாயிலுள்ள பள்ளிக்கூடம். அத்தீவிலே பிறந்த ஆந்திரேயா ஹிராத்தா 2005-ல் வெளியிட்ட 'லஸ்கார் பெலாங்கி' நாவல் அப்பள்ளியின் கதைதான். 1985-ல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை வீழ்ந்தது; சில வருஷங்களில் சர்க்கார் கம்பெனியும் தீவை விட்டகன்றது. குழிகள் மட்டும் நின்றன.

இயற்கை அத்தீவுக்குக் குறைவைக்கவில்லை. தஞ்சோங் கெலாயாங் கரையில் யானைக்கூட்டம் நீராடுவதுபோல் கருங்கற்பாறைகள் கிடக்கின்றன. அக்கருங்கல்லே வெள்ளீயத்தின் தாய். லெங்குவாஸ் திட்டில் 1882-ல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. 2021-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் பெலித்துங்கை உலக நிலவியல் பூங்காக்களில் ஒன்றாக அங்கீகரித்தது. வெண்களிமண் வெட்டிய குழியொன்றில் தேங்கிய நீலநீரைக் கண்டு யாத்திரிகர் மகிழ்கின்றனர்.

மகிழட்டும். ஆயினும் தேசத்தின் உடைமையென்று அந்த மண்ணை ஏற்ற சர்க்கார், குழிகளில் எத்தனையை மூடியது, எத்தனையில் மரம் நட்டது என்ற கணக்கைத் தீவு ஜனங்களின் முன் வைக்கவேண்டும்.