மரம் அறுக்கும் ரம்பம் அமுங்குகிறதா?

2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எந்தத் தோப்பில் நின்றாலும் பெட்ரோல் ரம்பத்தின் ஓசைதான். ஆள் கூலி கட்டுப்படியாகாத சிறு விவசாயிகள் இன்று பழைய ரம்பம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "சும்மா ஓடுது, ஆக்சிலேட்டரை அழுத்தினா மூச்சு முட்டி அமுங்கிடுது."

உடனே கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகுவது நம்மவர் வழக்கம். ஒரு தோப்பில் அதன் விளைவைக் கண்டேன். ஸ்குரூவை இறுக்க இறுக்க எஞ்சின் கூவியதால், கோளாறு தீர்ந்தது என்று நம்பிவிட்டார் உரிமையாளர். இரண்டாவது மரம் முடிவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சங்கிலிக்கு ஊற்றும் ஆயில் எஞ்சினுக்குள் போவதில்லை. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு மசகு. ஸ்குரூவை இறுக்கினால் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்து சூடு ஏறும்.

ஆகவே ஸ்குரூவைக் கடைசியில் தொடுங்கள். எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, கையுறையுடன் சங்கிலியை இழுத்துப் பாருங்கள். தடையின்றி நகர வேண்டும். அறுக்கும்போது மட்டும் அமுங்கி, சீவல் விழாமல் மாவு போலத் தூள் விழுந்தால் சங்கிலி மழுங்கியிருக்கிறது. தென்னையின் வெளிக்கட்டை சங்கிலியை விரைவில் மழுக்கிவிடும். அரம் போட்டாலே போதும்.

அடுத்து, டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எந்த அளவு என்பதை ரம்பத்தின் கையேட்டில் பாருங்கள். டாங்குக்குள் குழாய் முனையிலுள்ள பில்டரை வளைத்த கம்பியால் வெளியே இழுத்து மாற்றிவிடலாம், விலை சொற்பம். சில நிமிடம் ஓடி நின்றுவிடுகிறதா? எஞ்சின் ஆறியபின் மூடியைத் தளர்த்துங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, பிறகு நன்றாக ஓடினால் டாங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஏர் பில்டரில் மரத்தூளும், சைலன்சர் வலையில் கரியும் அடைத்திருந்தாலும் இதே தொல்லைதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அமுங்கினால் மட்டுமே திருப்புளி. 'எல்', 'எச்' ஸ்குரூக்கள் இப்போது எத்தனை சுற்று திறந்திருக்கின்றன என்று முதலில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினைச் சூடேற்றி, ரம்பத்தைத் தரையில் உறுதியாக வைத்து, முன்னால் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென அழுத்தும்போது அமுங்கினால் 'எல்' ஸ்குரூவை இடப்பக்கம் அரைக்கால் சுற்று திறந்து பாருங்கள். அடர்ந்த புகையோடு அமுங்கினால் பெட்ரோல் மிகுதி. அதே அளவு இறுக்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டபின் சங்கிலி சுழலவே கூடாது. சுழன்றால் ஐடிலிங் ஸ்குரூவைக் குறையுங்கள்.

'எச்' ஸ்குரூவில் காதுதான் கருவி. வெறுமனே முழு வேகத்தில் சில நொடி விட்டால் சற்றே கரகரக்க வேண்டும். மரத்தில் பட்டதும் அந்தக் கரகரப்பு மறைய வேண்டும். கூர்மையாகக் கூவினால் ஆபத்து, உடனே சிறிது திறந்துவிடுங்கள். இந்த ஸ்குரூக்களே இல்லாத புது மாடல்களும் உண்டு. அவற்றைக் கடையில்தான் காட்ட வேண்டும்.

விட்டபின்னும் வேகம் இறங்காமல் ஏறி இறங்கி ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. ரப்பர் இணைப்போ சீலோ போயிருக்கும். அதைத் திருகிச் சரிசெய்ய முயலாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பழைய ரம்பம் வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்குமுன் ஆறிய எஞ்சினின் சைலன்சரைக் கழற்றச் சொல்லி, துளை வழியே பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கீறல்கள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம்.