யாசூர் மலைக்கு வழி கேட்டல்

நுழையும்முன்

பயணத்தில் பணம் குறையக் குறையப் பிறரைச் சார்ந்திருத்தல் மிகும். பசிபிக் பெருங்கடலின் எரிமலைத் தீவுகளுள் ஒன்றான தன்னாவில், குறைந்த செலவில் பயணம் செய்வோர் யாரை, எவ்வாறு சார்ந்திருக்கின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1774ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இரவு வானைச் சிவக்கச் செய்த ஒளியொன்றைக் கண்டு, கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் ஒரு தீவின் கிழக்குக் கரையில் நங்கூரமிட்டார். தரையைச் சுட்டிக்காட்டி 'இதன் பெயர் என்ன?' என்று அவர்கள் வினவ, ஊரார் 'நிலம்' என்னும் பொருள்படும் தம் சொல்லைக் கூறினர் என்றும், அதுவே 'தன்னா' எனத் தீவின் பெயராயிற்று என்றும் சொல்வர். ஒளியின் ஊற்றாகிய மலையைக் காணக் குக் விரும்பினார். தீவு மக்களோ அவரை அங்குச் செல்ல விடவில்லை. பீரங்கி பூண்ட கப்பல் அவரிடம் இருந்தது. மலையேற இசைவு மட்டும் இல்லை. இன்று முதுகுப்பை ஒன்றுடன் வந்திறங்கும் எளிய பயணி அதே மலையின் விளிம்பில் நின்று உள்ளே நோக்க முடிகிறது. கேட்டுச் செல்வதே அவருக்குக் கிடைக்கும் நுழைவுரிமை.

ஓயாத மலை

வனுவாட்டு, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ எண்பது தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு. 1906 முதல் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் கூட்டாக ஆண்ட இந்நாடு 1980 ஜூலை 30 அன்று விடுதலை பெற்றது. தலைநகர் போர்ட் விலாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் தன்னா உள்ளது. ஆஸ்திரேலியப் புவித்தட்டு இப்பகுதியில் கிழக்கு நோக்கி நகர்ந்து, தீவுகளைத் தாங்கும் தட்டின் அடியில் அமிழ்கிறது. அந்த ஆழத்தில் உருவாகும் பாறைக்குழம்பே இத்தீவுகளை எழுப்பியது, இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கிறது. குக் நங்கூரமிட்ட துறைக்குத் தம் கப்பலின் பெயரால் ரெசல்யூசன் எனப் பெயரிட்டார். 1878ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அத்துறையின் தரை உயர்ந்துவிட்டது. எனவே அவர் வந்ததைப் போன்ற பெருங்கப்பல் இன்று அங்கு நுழைய இயலாது.

யாசூரின் உயரம் 361 மீட்டரே. ஆனால் அது பல நூற்றாண்டுகளாக ஏறக்குறைய இடைவிடாது சீறிவருகிறது. பாறைக்குழம்பினுள் கரைந்திருக்கும் வளிமங்கள் பெருங்குமிழிகளாகத் திரண்டு மேலெழுகின்றன. மேற்பரப்பில் அவை வெடிக்கும்போது கனன்ற குழம்பு துண்டுதுண்டாக வானில் தெறிக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இது நிகழும். இத்தாலியின் ஸ்ட்ராம்போலி மலையிலும் இவ்வாறே நிகழ்வதால் இவ்வகைச் சீற்றத்திற்கு அம்மலையின் பெயரையே அறிவியலார் இட்டுள்ளனர்.

ஊர்தி ஏறத்தாழ விளிம்பை எட்டும்வரை செல்லும். எஞ்சிய தொலைவு சாம்பலில் ஒரு சிறு நடைதான். இந்த எளிமையே இம்மலையின் பேரிடர் என்பேன். கடினமாக ஏறி அடையும் உச்சியில் மனிதர் தாமாகவே விழிப்புடன் இருப்பர். எளிதில் அடைந்த உச்சியில் அவ்விழிப்பு குன்றிவிடும். கனற்கற்கள் தாக்கி இங்குப் பார்வையாளர்கள் இறந்ததும் உண்டு. கல் மேலெழும்போது முதுகைக் காட்டி ஓடலாகாது. நின்று, அண்ணாந்து நோக்கி, அது விழுமிடத்தைக் கணித்து விலக வேண்டும் என்றே வழிகாட்டிகள் அறிவுறுத்துகின்றனர். வனுவாட்டின் வானிலை, புவியிடர்த் துறை மலையின் நிலையைச் சுழியம் முதல் ஐந்து வரையிலான எண்களால் அறிவிக்கிறது. எண் உயரும்போது விளிம்புக்குச் செல்லும் வழி மூடப்படும். மலைக்கான கட்டணம் எளிய பயணிக்குப் பெருந்தொகைதான். எனினும், சிக்கனம் காட்டத் தகாத ஒரே இடம் இது. வழிகாட்டியின்றி இரவில் திருட்டுத்தனமாக ஏறுதல் துணிவு ஆகாது.

காலம் என்னும் செலவு

தலைநகரிலிருந்து வானூர்தியில் வந்தால் ஒரு மணி நேரத்திற்குள் தன்னாவின் மேற்குக் கரையை அடையலாம். சரக்கும் மக்களும் கலந்து ஏறும் கப்பலில் கட்டணம் குறைவு. ஆனால் அது புறப்படும் நாளை உறுதியாக நம்ப முடியாது. அரிசி மூட்டைகள் ஏறி முடியும்வரை, அல்லது கடல் அடங்கும்வரை காத்திருக்க நேரும். பணத்தில் மிச்சப்படுத்துவதைக் காலத்தில் செலுத்தியாக வேண்டும் என்பது உலகெங்கும் எளிய பயணத்தின் கணக்கு. இங்கே அக்கணக்கு சற்றுக் கடுமையானது.

மேற்குக் கரையில் உள்ள லெனகல் என்னும் சிற்றூரைக் கடந்தால், பண அட்டை பயன்படும் இடம் அரிது. வாட்டு எனப்படும் உள்நாட்டுப் பணத்தைச் சிறுதாள்களாக வைத்திருத்தல் வேண்டும். கிழக்கே செல்லும் திறந்த சரக்குந்துகளில் ஊராருடன் அமர்ந்து செல்லலாம். மலைமுகட்டைக் கடந்ததும் பசுங்காடு முடிந்து, கரிய சாம்பல்வெளி விரியும். அதே சாம்பல்தான் காலப்போக்கில் மண்ணாகி வள்ளிக்கிழங்கையும் சேம்பையும் காப்பியையும் செழிக்கச் செய்கிறது. சாம்பல் மிகுந்து பொழியும் நாள்களில் அதுவே இலைகளைக் கருக்கிப் பயிரை அழிப்பதும் உண்டு.

கீற்று வேய்ந்த குடில்களையும், ஆலமரக் கிளைகளில் அமைத்த வீடுகளையும் ஊர்க் குடும்பங்கள் பயணிகளுக்கு அளிக்கின்றன. கதிரவ ஒளித்தகடு தரும் ஒரு விளக்கு, வாளியில் நீர், இரவெல்லாம் மலையின் உறுமல். உணவு பெரும்பாலும் தோட்டத்திலிருந்தே வரும். துருவிய கிழங்கையோ வாழைக்காயையோ தேங்காய்ப்பாலுடன் இலையில் பொதிந்து, சூடேற்றிய கற்களுக்கிடையே வேகவைக்கும் 'லாப்லாப்' வயிற்றை நன்றாகவே நிறைக்கும்.

பேரம் பேசும் வழக்கம் இங்கு இல்லை. பல நாடுகளைச் சுற்றிவந்த எளிய பயணிகள் தவறுமிடம் இதுவே. விலை குறைப்பதை அவர்கள் திறமையாகக் கருதிப் பழகியவர்கள். இங்கோ, சொன்ன விலையைக் குறைக்கக் கேட்பது விளைவித்தவரை அவமதிப்பதாகும். கூடுதல் அன்பளிப்புத் தொகை கொடுப்பதும் வழக்கத்தில் இல்லை. கொடையும் எதிர்க்கொடையுமாக உறவுகளைக் காத்துவரும் மக்களுக்கு, விலை என்பது இருவருக்குமிடையே நிகழும் போட்டியன்று.

யாருடைய நிலம்?

வனுவாட்டின் அரசமைப்புச் சட்டம் நாட்டின் நிலம் முழுவதையும் மரபுவழி உரிமையாளருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரியதாக்குகிறது. ஆகவே 'யாருக்கும் சொந்தமில்லாத' கடற்கரை, அருவி, காட்டுவழி என எதுவும் இல்லை. விரும்பிய இடத்தில் கூடாரமடித்துத் தங்கலாம் என்னும் எண்ணம் பிற நாடுகளில் செல்லலாம், இங்குச் செல்லாது. குளிக்கும் முன்னும் ஊரின் பெரியவரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். கேட்பதற்கு மொழியும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் இந்நாட்டை இணைப்பது பிஸ்லாமா. கடல் அட்டை வணிகத்தின் வழியே பரவியதால், கடல் அட்டையின் பெயரிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது. ஆங்கிலச் சொற்களைத் தன் இலக்கணத்தில் கோத்துக்கொண்ட இம்மொழியில் 'தாங்கியூ தூமாஸ்' என்றால் 'மிக்க நன்றி'.

அந்தி சாய்ந்ததும் ஆண்கள் ஆலமரத்தடியில் உள்ள 'நகமல்' என்னும் மன்றில் கூடுவர். மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த காவா என்னும் செடியின் வேரிலிருந்து எடுத்த சாற்றை அருந்தி, மெல்லிய குரலில் பேசுவர் அல்லது பேசாதிருப்பர். அவ்வேளையில் கைவிளக்கை அவர்கள் முகத்தில் அடிப்பது பெரும்பிழை. மரபுவழி நகமலில் பெண்களுக்கு இடமில்லை. அதை ஏற்கத் தயங்கும் பெண் பயணியின் மனக்குறை நியாயமானதே.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைத்தளங்களில் தன்னா ஆண்கள் பலர் வேலை செய்தனர். அக்காலத்தில் வலுப்பெற்ற ஜான் ஃப்ரம் இயக்கத்தினர், ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று கொடியேற்றி அணிவகுக்கின்றனர். 'சரக்குக்காகக் காத்திருப்போர்' என்று இவர்களை எள்ளி எழுதியோர் பலர். அயல் ஆட்சியும் அயல் சமயப் பரப்புநரும் தடுத்த நடனத்தையும் வழக்கங்களையும் மீட்டெடுக்கும் முயற்சியாகவும் அவ்வியக்கம் இருந்தது என்பதை அவர்கள் பெரிதும் எழுதுவதில்லை.

மே முதல் அக்டோபர் வரை பயணத்திற்கு ஏற்ற காலம். எஞ்சிய மாதங்கள் புயலுக்குரியவை. 2015 மார்ச்சில் வீசிய பாம் புயல் தன்னாவின் குடில்களையும் தோட்டங்களையும் அழித்தது. மரமும் கீற்றும் கொண்டு எழுப்பிய குடில்களை விரைவில் மீண்டும் கட்டிவிடலாம். தோட்டம் காய்த்துப் பயன்தர மாதங்கள் பல ஆகும். அத்தகைய ஆண்டில் செல்லும் பயணி, தாம் உண்ணும் அரிசியைத் தாமே சுமந்து செல்வது நல்லது. தங்கும் வீட்டாருக்கும் சேர்த்து.