அம்மாவுக்கு மகன்தான் மொழிபெயர்ப்பாளர்: அமெரிக்கா போன வியட்நாம் குடும்பங்களில் என்ன மாறியது?

டாக்டர் இங்கிலீஷில் சொல்கிறார். பத்து வயசுப் பையன் அதை வியட்நாமிய மொழியில் அம்மாவிடம் சொல்கிறான். சில வார்த்தைகள் அவனுக்கே புரியவில்லை. சிலது புரிந்தும் சொல்லத் தயங்குகிறான். அமெரிக்காவில் குடியேறிய வியட்நாம் அகதிக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன காட்சி. வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்ற கணக்கு மாறியதும் இப்படித்தான்.

எப்படிப் போனாங்க?

1975 ஏப்ரல் 30-ல் சைகோன் வீழ்ந்தது. அந்த ஆண்டே சுமார் 1.25 லட்சம் பேர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். பின்னாடி லட்சக்கணக்கானோர் படகேறினார்கள். பலர் கடலிலேயே இறந்தார்கள். தென் வியட்நாம் ராணுவத்தில் இருந்தவர்கள் பலர் 'மறுகல்வி' முகாம்களில் அடைபட்டார்கள். அதனால் அம்மா முன்னாடி, அப்பா பல வருஷம் கழித்து என்று துண்டுதுண்டாக வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம்.

கூட்டுக்குடும்பம் என்னாச்சு?

ஒரே இடத்தில் குவியக் கூடாது என்று அமெரிக்க அரசு இவர்களை நாடு முழுக்கப் பிரித்து அனுப்பியது. ஆனால் சில வருஷங்களில் பலர் சொந்தபந்தங்களைத் தேடி மறுபடி இடம் மாறினார்கள். கலிபோர்னியாவின் 'லிட்டில் சைகோன்' அப்படி வளர்ந்ததுதான். பிலடெல்பியாவில் ஆய்வு செய்து 1993-ல் புத்தகம் வெளியிட்ட சமூகவியலாளர் நாஸ்லி கிப்ரியா இன்னொன்றையும் கவனித்தார். சொந்தம் இல்லாத இடத்தில் தூரத்து உறவுகளையும் நண்பர்களையும் சேர்த்துக் குடும்பத்தை ஒட்டுப்போட்டுக் கொண்டார்கள். ஆளாளுக்குச் சம்பாதித்ததைப் பொதுவில் போட்டுச் சமாளித்தார்கள்.

அப்போ பெண்கள் கை ஓங்கியதா?

ஓரளவுக்கு. அதிகாரியாக இருந்த ஆணுக்கு இங்கே கிடைத்தது கூலி வேலை. மனைவி சம்பளமும் இல்லாமல் வீடு ஓடாது. 1975-ல் நடிகை டிப்பி ஹெட்ரன் ஏற்பாட்டில் சுமார் 20 வியட்நாம் பெண்கள் நக அலங்காரம் கற்றார்கள். இன்று அமெரிக்க நெயில் சலூன் தொழிலில் வியட்நாமியர்களின் கை ஓங்கியிருக்கிறது. ஆனாலும் பெண்கள் பழைய குடும்ப முறையை உதறிவிடவில்லை என்கிறார் கிப்ரியா. ஏன்னா, பிள்ளைகள் மேல் அம்மாவுக்கு இருந்த அதிகாரமும் அந்த முறையில்தான் இருந்தது.

மொழி ஏன் இவ்வளவு முக்கியம்?

வியட்நாமிய மொழியில் பெரும்பாலும் உறவுமுறையே 'நான், நீ' ஆகிவிடும். அம்மாவிடம் பேசும் பிள்ளை தன்னை 'கோன்' என்று சொல்லும். 'பிள்ளை' என்று அர்த்தம். இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. வாயைத் திறக்கும்போதே தெரிந்த மரியாதை அதில் காணாமல் போகிறது. பெற்றோருக்கு அது திமிராகப் படுகிறது, பிள்ளைக்கோ கோபம் ஏனென்றே புரிவதில்லை.

இங்கிலீஷ் மட்டும் போதும் என்று விட்டுவிட்டால் பிள்ளை முன்னேறும் என்பதும் சரியில்லை. நியூ ஆர்லியன்ஸில் மின் ஷோ, கார்ல் பேங்க்ஸ்டன் இருவரும் செய்த ஆய்வில், தாய்மொழியை நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பள்ளியிலும் நன்றாகப் படித்தார்கள்.

அந்தப் பத்து வயசுப் பையன்?

அவசர நிலை தவிர சின்னப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று, மத்திய அரசு நிதி பெறும் மருத்துவமனைகளுக்கு 2016-ல் அமெரிக்கா விதி போட்டது. அம்மாவின் நோயை அம்மாவிடமே சொல்லும் பாரத்தைச் சுமந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதற்குள் நாற்பது வயசு தாண்டிவிட்டது.