வுதரிங் ஹைட்ஸ்: பத்திரத்தில் தீர்த்த பழி

எமிலி பிராண்ட்டி எழுதிய ஒரே நாவல் ‘வுதரிங் ஹைட்ஸ்’. 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் லண்டனில் வெளிவந்தது. மறு டிசம்பரில் எமிலி இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 30. ஆங்கிலத்தின் மாபெரும் காதல் கதை என்று இதைச் சொல்வது வழக்கம். காதல் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் கதையை நகர்த்துவது அடமானமும் உயிலும் வாரிசுரிமையும்தான். காதலில் ஏமாந்தவன் இரண்டு குடும்பங்களின் சொத்தையும் பத்திரம் பத்திரமாகப் பறித்துக்கொள்ளும் கதை இது.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் மாவட்டம். மரம் நிமிர்ந்து வளராத அளவுக்குக் காற்றடிக்கும் மேட்டு நிலம். அங்கே இரண்டு வீடுகள். மேட்டின் மேல் இருக்கும் பண்ணை வீடுதான் வுதரிங் ஹைட்ஸ். அது எர்ன்ஷா குடும்பத்தினுடையது. வாசல் நிலையின் மேல் 1500 என்ற ஆண்டும் முன்னோர் ஒருவரின் பெயரும் செதுக்கப்பட்டிருக்கும். கீழே பள்ளத்தாக்கில் த்ரஷ்கிராஸ் கிரேஞ்ச் என்ற மாளிகை. அது லிண்டன் குடும்பத்தினுடையது. அவர்கள் எர்ன்ஷாக்களைவிட வசதியும் நாகரிகமும் கூடியவர்கள்.

எர்ன்ஷா பெரியவர் ஒருமுறை லிவர்பூலுக்கு நடந்தே போய்த் திரும்புகிறார். வரும்போது தெருவில் கிடந்த ஒரு சிறுவனைத் தூக்கி வருகிறார். சிறு வயதிலேயே இறந்துபோன தன் மகனின் பெயரான ஹீத்கிளிஃப்பை அவனுக்கு வைக்கிறார். மகள் கேத்தரின் அவனோடு ஒட்டிக்கொள்கிறாள். மூத்த மகன் ஹிண்ட்லிக்கோ தன் இடத்தைப் பிடுங்க வந்தவனாகவே அவன் தெரிகிறான். அப்பாவின் பாசம் வந்தவன் பக்கம் சாய்ந்தது உண்மைதான். அதனால் ஹிண்ட்லியின் பொறாமைக்கு ஓரளவு நியாயமும் உண்டு. அவனை வெறும் கொடியவனாக எமிலி எழுதவில்லை. ஆனால் தந்தை இறந்ததும் அவன் செய்த காரியத்துக்கு நியாயம் கிடையாது. வளர்ப்புப் பிள்ளையின் படிப்பை நிறுத்தி, வயல் வேலைக்கு அனுப்பி, வேலையாட்களோடு வேலையாளாகத் தள்ளிவிடுகிறான்.

காதலில் நேரும் துரோகத்துக்கு வித்து இங்கேதான் இருக்கிறது. ஒரு மாலை கேத்தரினும் ஹீத்கிளிஃப்பும் கிரேஞ்ச் மாளிகையின் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கப் போகிறார்கள். அங்கிருந்த நாய் கேத்தரினைக் கடித்துவிடுகிறது. லிண்டன் வீட்டார் அவளை ஐந்து வாரம் வைத்துப் பராமரிக்கிறார்கள், அவனை விரட்டிவிடுகிறார்கள். காட்டுப் பெண்ணாகப் போனவள் சீமாட்டியாகத் திரும்புகிறாள். சில ஆண்டுகளில் லிண்டன் வீட்டுப் பையன் எட்கர் அவளைப் பெண் கேட்க, சம்மதித்துவிடுகிறாள். இப்போதிருக்கும் நிலையில் ஹீத்கிளிஃப்பைக் கட்டிக்கொண்டால் தன் தகுதி தாழ்ந்துவிடும் என்று வேலைக்காரி நெல்லியிடம் சொல்கிறாள். இருட்டில் உட்கார்ந்திருந்த ஹீத்கிளிஃப் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். அவனும் தானும் ஒரே உயிர் என்று அவள் அடுத்துச் சொன்னது அவன் காதில் விழவில்லை. எட்கரின் பணத்தைக் கொண்டு ஹீத்கிளிஃப்பை அண்ணனிடமிருந்து மீட்கலாம் என்றும் அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஒருவனை மணந்து இன்னொருவனைக் காப்பாற்றும் அந்தக் கணக்கு இருவருக்குமே துரோகம் என்பது கடைசிவரை அவளுக்கு உறைக்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து ஹீத்கிளிஃப் திரும்பி வருகிறான். கையில் பணம், நடையில் மிடுக்கு. எங்கே போனான், எப்படிச் சம்பாதித்தான் என்று நாவல் சொல்லவே இல்லை. அதற்குள் கேத்தரினுக்கும் எட்கருக்கும் திருமணமாகிவிட்டது. மனைவியைப் பறிகொடுத்த ஹிண்ட்லி குடியிலும் சூதாட்டத்திலும் விழுந்து கிடக்கிறான். ஹீத்கிளிஃப் அவனை அடிக்கவில்லை. அவன் வீட்டிலேயே வாடகைக்குத் தங்குகிறான், சீட்டாடுகிறான், கடன் கொடுக்கிறான், ஒவ்வொரு கடனுக்கும் நிலத்தை அடமானமாக எழுதி வாங்குகிறான். 27 வயதில் ஹிண்ட்லி சாகும்போது அடமானத்தில் இல்லாத நிலம் ஒரு கஜம்கூட மிச்சமில்லை. அவனுடைய மகன் ஹேர்ட்டன் தன் சொந்த வீட்டில் எழுத்தறியாத வேலையாளாக வளர்கிறான். தனக்கு ஹிண்ட்லி செய்ததையே அவன் பிள்ளைக்கு அப்படியே திருப்பிச் செய்கிறான் ஹீத்கிளிஃப். இதே ஹேர்ட்டன் குழந்தையாக இருந்தபோது, குடிவெறியில் ஹிண்ட்லி அவனை மாடியிலிருந்து நழுவவிட, கீழே நின்ற ஹீத்கிளிஃப் யோசிக்காமல் கையில் ஏந்தியிருக்கிறான். பிடித்தது யாரை என்று தெரிந்ததும், பழிதீர்க்கும் வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொண்டதை நினைத்து அவன் முகம் மாறியது என்று நெல்லி நினைவுகூர்கிறாள்.

அடுத்த குறி லிண்டன் குடும்பம். எட்கரின் தங்கை இசபெல்லா ஹீத்கிளிஃப் மேல் மயங்குகிறாள். அவளுக்கு அண்ணன் சொத்தில் வாரிசுரிமை உண்டா என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. அவளைக் கூட்டிக்கொண்டு ஓடி, மணந்து, வதைக்கிறான். இதற்கிடையே கணவனுக்கும் ஹீத்கிளிஃப்புக்கும் மூண்ட சண்டையால் கேத்தரின் அறையைத் தாழிட்டுக்கொண்டு பட்டினி கிடந்து, ஜுரத்தில் விழுகிறாள். பிறகு ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். கேத்தி என்று அழைக்கப்படும் அந்தக் குழந்தையின் மேல்தான் பிற்பாதி முழுவதும் நிற்கிறது. இசபெல்லா கணவனை விட்டு லண்டன் பக்கம் ஓடிப்போய் ஒரு மகனைப் பெறுகிறாள். அவன் பெயர் லிண்டன், நோஞ்சான் பையன்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிரேஞ்ச் நிலத்தை எட்கரின் தந்தை எழுதிவைத்த விதப்படி, எட்கருக்கு ஆண் வாரிசு இல்லையென்றால் அது கேத்திக்கு வராது. இசபெல்லாவின் வழிக்குப் போகும். கேத்திக்கென்று இருப்பது பணமும் அசையும் சொத்தும் மட்டும். அன்றைய இங்கிலாந்தில் பெண்ணின் அசையும் சொத்து, தனி ஏற்பாடு இல்லாவிட்டால், தாலி ஏறிய கணமே கணவனுக்குச் சொந்தம். திருமணமான பெண்ணின் சொத்துரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டங்கள் 1870இலும் 1882இலும்தான் வந்தன. எனவே கேத்தியைத் தன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டால் ஹீத்கிளிஃப்புக்குப் பாதி வேலை முடிந்தது. அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, சாகக் கிடக்கும் தந்தையைப் பார்க்க விடாமல், பணிய வைத்துத் திருமணத்தை முடிக்கிறான். மகளின் பணத்தை மருமகன் தொட முடியாதபடி டிரஸ்டிகளிடம் ஒப்படைக்க எட்கர் வக்கீலைக் கூப்பிட்டனுப்புகிறான். வக்கீலை ஹீத்கிளிஃப் முன்பே விலைக்கு வாங்கிவிட்டான். எட்கர் இறந்த பிறகுதான் அவர் வந்து சேர்கிறார். பிறகு நோயாளி மகனை மிரட்டி, அசையும் சொத்தையெல்லாம் தன் பெயருக்கு உயில் எழுத வைக்கிறான். மைனர் பையன் உயில் எழுதலாமா என்றால், அன்று எழுதலாம். அசையும் சொத்துக்கு மட்டும். 21 வயதாக வேண்டும் என்ற விதி 1837இல்தான் வந்தது. இந்த உயில் எழுதப்படுவதோ 1801இல்.

சி. பி. சேங்கர் என்ற வழக்கறிஞர் 1926இல் இந்த நாவலின் கட்டமைப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கதையில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் குறிப்புகளைக் கோத்து, பாத்திரங்களின் பிறப்பு இறப்புத் தேதிகளை அவர் கணக்கிட்டார். சொத்து கைமாறிய வழிகளையும் அந்தக் காலச் சட்டத்தோடு ஒப்பிட்டு, எமிலியின் விவரங்கள் பொருந்தி நிற்பதைக் காட்டினார். கிரேஞ்ச் நிலத்தின் மேல் ஹீத்கிளிஃப் கொண்டாடிய உரிமை சட்டப்படி செல்லாது என்பதும் அவர் முடிவு. நாவலிலும் அதற்கு ஜாடை உண்டு. பணமும் ஆதரவும் இல்லாத கேத்தி எந்தக் கோர்ட்டுக்குப் போய் அவனை அசைப்பாள் என்று நெல்லி கேட்காத குறையாகச் சொல்கிறாள். சட்டம் கொடுத்ததைச் சட்டத்தாலும், கொடுக்காததை அவளுடைய ஏழ்மையாலும் அவன் எடுத்துக்கொண்டான்.

லிண்டன் திருமணமான சில வாரங்களிலேயே இறந்துவிட, கேத்தியும் ஹேர்ட்டனும் ஒரே கூரையின் கீழ் எதிரிகளாக மிஞ்சுகிறார்கள். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. கேத்தி முதலில் கட்டிக்கொண்டது அத்தை மகனை; பிறகு விரும்புவது தாய்மாமன் மகனை. இரண்டுமே முறைதான். ஆங்கிலேய வாசகர் வம்ச விளக்கப்படம் போட்டுப் புரிந்துகொள்ளும் உறவை நம்மூர்க் கிழவி ஒருத்தி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவாள்.

முதலில் ஹேர்ட்டனின் படிப்பறிவின்மையைக் கேலி செய்த கேத்தி, பின்பு அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். அவர்களை ஒன்றாகப் பார்க்கும்போது ஹீத்கிளிஃப்புக்குக் கை ஓங்கவில்லை. இருவரின் கண்களும் கேத்தரினின் கண்கள்; ஹேர்ட்டனோ அவனுடைய இளமைக் காலமே எழுந்து வந்தது போல் இருக்கிறான். இரண்டு வீடுகளையும் இடித்துத் தள்ளும் பலம் கைக்கு வந்தபோது அந்த ஆசையே போய்விட்டது என்று அவனே நெல்லியிடம் ஒப்புக்கொள்கிறான். உயில் எழுதாமல், உணவை மறந்து, இறந்துபோன கேத்தரினையே எதிரில் பார்த்தபடி சாகிறான். அவனால் அதிகம் இழந்தவன் ஹேர்ட்டன். அந்தப் பிணத்தருகே இரவெல்லாம் இருந்து அழுதவனும் ஹேர்ட்டன் ஒருவன்தான். நாவலின் மிகத் துணிச்சலான இடம் இதுவே.

வெளிவந்தபோது விமர்சகர்களில் பலர் இதன் முரட்டுத்தனத்தைக் கண்டு முகம் சுளித்தார்கள். 1850இல் அக்கா ஷார்லட் மறுபதிப்புக் கொண்டுவந்தபோது தங்கைக்காகப் பரிந்து முன்னுரை எழுத வேண்டியிருந்தது. சினிமா வேறுவிதமாக இதை மென்மையாக்கியது. லாரன்ஸ் ஒலிவியே நடித்த 1939ஆம் ஆண்டுப் படம் கேத்தரினின் மரணத்தோடு கதையை முடித்துக்கொண்டு, பிள்ளைகளின் தலைமுறையை விட்டுவிட்டது. திலீப் குமாரின் 1966ஆம் ஆண்டு இந்திப் படமான ‘தில் தியா தர்த் லியா’வும் இதே நாவலைத் தழுவியதுதான். நாவலில் மொத்தம் 34 அத்தியாயங்கள். கேத்தரின் இறப்பது 16ஆவதில். படம் பார்த்துக் கதை தெரிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் 17ஆவது அத்தியாயத்திலிருந்தாவது புத்தகத்தைப் படிக்க வேண்டும்.